சுமைப் பிரிவில் நஸ்ருன்னிசா

தென்சென்னைக் கடலோரச் சைக்கிள் உலா மன்றம் அடையாறு காந்தி நகரில், லிஃப்ட் வைத்த ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் சைக்கிள் நிறுத்த இடம் கிடையாது. சைக்கிளோடு யாராவது வந்தால் காவலாளி விசில் ஊதி விரட்டிவிடுவார். ஆகவே மன்றத்தின் உறுப்பினர்கள் எல்லோரும் காரில்தான் வருவார்கள்.

மன்றம் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. இன்றுவரை அதன் பெயரால் ஒரு சைக்கிள்கூடக் கடற்கரைப் பக்கம் உருண்டதில்லை. ஆனால் உலாவைத் திட்டமிடுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சிறந்த திட்டமிடலுக்காக வேறொரு மன்றம் அவர்களுக்குக் கேடயம் கொடுத்தது. கேடயங்களைச் சிறப்பாக வழங்கியமைக்காக இவர்கள் அந்த மன்றத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஊரில் பெரிய மனிதர்களின் கண்ணாடி அலமாரிகள் இப்படித்தான் நிரம்புகின்றன.

ராயப்பேட்டையில் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சீட் கவர் தைக்கும் ஷாஹுல் ஹமீதுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த லிஃப்டில் ஏறியிருக்க மாட்டார். மேடையில் மைக் பிடித்துப் பேசுகிறவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிற கடைசி சில மனிதர்களில் அவர் ஒருவர்.

அவருடைய மனைவி நஸ்ருன்னிசாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. ஆபரேஷன் தாங்கும் உடம்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "மருந்து எழுதித் தரேன். அவங்க எதுக்காவது ஆசைப்பட்டா செஞ்சு குடுங்க" என்றும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்பது ஷாஹுல் ஹமீதுக்கும் புரிந்தது, நஸ்ருன்னிசாவுக்கும் புரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, "எறங்கிக்கட்டுமா?" என்று நஸ்ருன்னிசா கேட்டார். ஷாஹுல் ஹமீது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ குந்து" என்றார்.

இது அவர்கள் இருவருக்குள் இருக்கிற பேச்சு. கல்யாணமான புதிதில் இருவரும் கோவளம் தர்காவுக்குச் சைக்கிளில் போனார்கள். ஷாஹுல் ஹமீது மிதிக்க, பின்னால் கேரியரில் நஸ்ருன்னிசா. கோவளத்துக்கு முன்னால் முட்டுக்காட்டுப் பாலம் ஏறும்போது மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கிவிட்டது. புதுப்பெண் பின்னாலிருந்து மெதுவாக, "எறங்கிக்கட்டுமா?" என்று கேட்டாள். "நீ குந்து" என்றார் இவர், வீம்புக்கு. அதற்குப் பிறகு வாழ்க்கையில் எப்போது மூச்சு முட்டினாலும் அவர்களுக்குள் இதே கேள்வி, இதே பதில்தான். கடைக்குள் மழைத்தண்ணீர் புகுந்து ரெக்சின் முழுக்க வீணாய்ப் போனபோதும் கேட்டார். மகள் மஹ்விஷ் பிறக்கும்போது வலியில் துடித்துக்கொண்டும் கேட்டார். ஒருமுறைகூட ஷாஹுல் ஹமீது அவரை இறங்க விட்டதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே நஸ்ருன்னிசா ஆசையைச் சொல்லிவிட்டார்.

"கோவளம் போலாங்க. சைக்கிள்ல."

"சைக்கிள்லியா? ஆட்டோ சொல்றேன். நம்ம ஆளுங்க எத்தினி பேரு கீறாங்க."

"ஆட்டோ வாணாம். ஆட்டோல ஏறுனாலே ஆஸ்பத்திரிக்குப் போறாப்பல கீது."

பாண்டி பஜாரில் செல்போன் கடையில் பில் போடுகிற மஹ்விஷுக்கு இதைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. "தனியா வாணாம் அத்தா. வழியில அம்மாவுக்கு மூச்சு திணறுனா நடுரோட்ல இன்னா பண்ணுவீங்க?" என்றாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, செல்போனில் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டியவளும் அவள்தான். "எளிய ஒருநாள் கடலோரச் சைக்கிள் உலா. பெசன்ட் நகர் முதல் கோவளம் வரை. எட்டு வயது முதல் எண்பது வயது வரை எவரும் வரலாம். ஆம்புலன்ஸ் உடன் வரும்."

"பாருங்க, ஆம்புலன்ஸ் கூடவே வருதாம். இவங்களோட போனா நான் ஒண்ணுமே சொல்ல மாட்டேன்."

அன்றைக்கே ஷாஹுல் ஹமீது கேரியருக்கு ஒரு மெத்தை தைக்க உட்கார்ந்துவிட்டார். நல்ல கனமான ஃபோம். ரெக்சினை நஸ்ருன்னிசாவே தேர்ந்தெடுத்தார், மயில்கழுத்துக் கலர். நாலு பக்கமும் விளிம்பில் பைப்பிங் வைத்து, அடியில் கட்டுவதற்கு வார் வைத்து, ஓரத்தில் கை பிடித்துக்கொள்ள ஒரு வளையமும் வைத்துத் தைத்தார். எத்தனையோ ஆயிரம் பேர் உட்காரத் தைத்த கை, இதைத் தைக்கும்போது இரண்டு இடத்தில் ஊசி குத்திக்கொண்டது.

மன்றத்தின் செயலாளர் பாரத் என்பவர் இளைஞர். உடம்பை ஒட்டிய சைக்கிள் சட்டையும் தலையில் ஹெல்மெட்டுமாக ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தார். அந்த ஹெல்மெட்டை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"ஞாயித்துக்கிழமதான சார்? எத்தினி மணிக்கு வரணும்?" என்று கேட்டார் ஷாஹுல் ஹமீது.

பாரத் அன்பாகச் சிரித்தார். "அது டென்டேட்டிவ் டேட் சார். நேரா போய் சைக்கிள் ஓட்டிட முடியாதில்லையா? மொதல்ல ஓரியன்டேஷன். அப்புறம் ரூட் ஸ்டடி. அப்புறம் ரிகர்சல். ஈஸி ட்ரிப் சார் இது. ஈஸி ட்ரிப்புக்குத்தான் நெறைய ப்ளான் பண்ணணும்."

நியாயமாகத்தான் பட்டது. பெரிய இடம், நாலும் யோசித்துத்தான் செய்வார்கள் என்று ஷாஹுல் ஹமீது வீட்டில் போய்ச் சொன்னார்.

அறிமுகக் கூட்டத்தில் தலைவர் வேதநாயகம் பேசினார். ஏதோ ஒரு துறையில் உயர்ந்த நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலிதான் போனது, உட்காரும் தோரணை போகவில்லை.

"நண்பர்களே! சைக்கிள் ஓட்டுவது மிக எளிது. யார் வேண்டுமானாலும் ஏறி மிதித்துக் கடற்கரைக்குப் போய்விடலாம். அந்த ஆபத்தைத் தடுக்கத்தான் இந்த மன்றம் இருக்கிறது. நான் முப்பத்தைந்து ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தேன். என் கையெழுத்தால் எதுவும் கெட்டுப்போனது என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஏனென்றால், தீர ஆராயாமல் நான் கையெழுத்தே போட்டதில்லை. எத்தனையோ காரியங்கள் என் மேசையில் ஆராய்ச்சியிலேயே இயற்கை மரணம் எய்தின என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். ஷாஹுல் ஹமீதும் தட்டினார்.

அடுத்து, கடல் எந்தப் பக்கம் என்ற விவாதம் வந்தது. கோவளம் போகும்போது கடல் இடப்பக்கம் வரும். திரும்பும்போது வலப்பக்கம் வந்துவிடும். இது பங்கேற்பாளர்களைக் குழப்பாதா என்று ஓர் உறுப்பினர் கவலைப்பட்டார். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, திரும்பி வருவது பற்றிய முடிவு ஒத்திவைக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பங்களாக்கள்தான் தெரிகின்றன, கடல் தெரிவதில்லை, இதைக் கடலோர உலா என்று சொல்லலாமா என்று இன்னொருவர் கேட்டார். அதை நேரில் ஆராய ஒரு துணைக்குழு இரண்டு கார்களில் புறப்பட்டுப் போய், ஓர் ஓட்டலில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்தது. ஓட்டலின் பின்பக்கம் கடல் இருப்பதாகத் தெரிகிறது, உறுதி செய்ய மீண்டும் ஒருமுறை போக வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது.

எளிமைக் குழுவுக்குத் தலைவி ஜாஸ்மின் என்ற அம்மையார். 'எளிய' என்ற சொல்லின் தரத்தை யாரும் குறைத்துவிடாமல் காப்பது அவர் பொறுப்பு. "எல்லாராலயும் முடியறது ஈஸி கிடையாது. அது சாதாரணம். ஈஸிங்கிறது ஒரு ஸ்டாண்டர்டு" என்று விளக்கினார். ஷாஹுல் ஹமீது தலையாட்டினார். கடைசியில் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"சார், எங்க வூட்டுக்காரம்மா பின்னால கேரியர்ல குந்திக்கினு வருவாங்க. அவங்களுக்கு ஒடம்பு செரியில்ல. அவங்களுக்கோசரம்தான் சார் நான் வரேன்."

அப்படி ஒரு கேள்வியை மன்றம் அதுவரை சந்தித்ததில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிதிக்கிறவர் பங்கேற்பாளர். சரி. மிதிக்காமல் வருகிறவர் யார்? பங்கேற்பாளர் அல்லர். பார்வையாளர் என்றால் ஓரத்தில் நிற்க வேண்டும், நகரக் கூடாது. இவரோ நகர்கிறார், ஆனால் தானாக நகரவில்லை. ஏற்றிக்கொண்டு போகப்படுகிறார். விதிமுறைப்படி ஏற்றிக்கொண்டு போகப்படுவது சுமை."

"சார், அவங்க எங்க வூட்டம்மா சார்."

"அதனாலதான் சார் இவ்ளோ கேர் எடுக்கறோம். வெறும் மூட்டைன்னா நாங்க கேக்கவே மாட்டோம்" என்றார் பாரத்.

அன்று சுமைப் பிரிவு என்று ஒரு புதிய பிரிவு உருவாக்கப்பட்டது. அதன் ஒரே உறுப்பினராக நஸ்ருன்னிசா பதிவு செய்யப்பட்டார். பின்சக்கரத்தின் நலன் கருதி, சுமை நாற்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று விதி வகுத்தார்கள். முன்கூட்டியே தனியாகக் கோவளம் போய்வருகிறவர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்கள், அவர்களுக்கு ஆம்புலன்ஸ் வசதி கிடையாது என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

நஸ்ருன்னிசா அப்போது ஐம்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தார். ஷாஹுல் ஹமீது வீட்டுக்கு வந்ததும் நஸ்ருன்னிசா ஆவலாகக் கேட்டார்.

"இன்னா சொன்னாங்க?"

"உனுக்குன்னு தனியா ஒரு பிரிவே ஆரம்பிச்சிட்டாங்க."

"எனுக்கா? இன்னா பிரிவு?"

ஷாஹுல் ஹமீது சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "விருந்தாளிங்க பிரிவு" என்றார். நஸ்ருன்னிசாவுக்கு ஒரே பெருமை. பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு போயிற்று, அடுத்த ஞாயிறும் போயிற்று. கொடி என்ன நிறம் என்பதற்காக ஒரு ஞாயிறு. சட்டையில் யார் பெயர் முதலில் என்பதற்காக ஒரு ஞாயிறு. தலைமை விருந்தினர் தியாகராய நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அவருக்கு மூல உபத்திரவம், மேடையில் கெட்டியான நாற்காலியில் உட்கார முடியாது என்பதற்காக இரண்டு ஞாயிறுகள்.

இதற்குள் நஸ்ருன்னிசாவுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. அரை இட்லிக்கே மூச்சு வாங்கியது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது முள் நாற்பதுக்குக் கீழே நின்றது. மஹ்விஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மன்றத்தில் ஒவ்வொரு வாரமும் சுமையின் எடையைத் தெரிவிக்க வேண்டும். ஷாஹுல் ஹமீது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாரத் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"சூப்பர் சார்! கங்கிராட்ஸ்! குவாலிஃபை ஆயிட்டாங்க!"

அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். ஜாஸ்மின் அம்மையார், "டயட் என்ன ஃபாலோ பண்றாங்க?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் கொடுமை. ஷாஹுல் ஹமீது, "தேங்க்ஸ் சார்" என்றார். லிஃப்டில் தனியாக இறங்கும்போது முகத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அழுதார். கீழ்த்தளம் வந்து கதவு திறந்ததும் காவலாளி பார்த்துவிட்டு, "இன்னா பாய், வண்டிய உள்ள வுட்டியா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் ரிகர்சல். வெளியே போனால் இன்ஷூரன்ஸ் செல்லாது என்பதால் மூன்றாவது மாடி ஹாலிலேயே நடந்தது. காவலாளியிடம் தலைவர் பேசி, சைக்கிள்களை லிஃப்டில் ஏற்றினார்கள். பின்சக்கரம் தரையில் படாதபடி எல்லாவற்றையும் ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். எதிர்ச் சுவரில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் படம் ஓடியது. கடற்காற்றுக்காக ஒரு பெரிய ஃபேன். ஜாஸ்மின் அம்மையார் துணிக்கு இஸ்திரி போடுகிறவர்கள் வைத்திருக்கும் தெளிப்பானில் உப்புத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்.

நஸ்ருன்னிசாவை மஹ்விஷ் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். புதுப் புடவை. தலையில் முக்காடு. மயில்கழுத்து மெத்தையில் அவரை ஏற்றி உட்காரவைத்ததும், ஒரு கையால் வளையத்தையும் இன்னொரு கையால் ஷாஹுல் ஹமீதின் சட்டையையும் பிடித்துக்கொண்டார். ஷாஹுல் ஹமீது "பிஸ்மில்லா" என்று சொல்லி மிதித்தார். அந்தரத்தில் சக்கரம் சுற்றியது. ஃபேன் காற்று அடித்தது. முகத்தில் உப்புத் தண்ணீர் பட்டதும் நஸ்ருன்னிசா பலமாகச் சிரித்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

"இன்னாங்க இது, மூணாவது மாடில கடலு!"

"பேசாம வா. திருவான்மியூர் தாண்டிட்டோம்."

சுவரில் நீலாங்கரை வந்தது, ஈஞ்சம்பாக்கம் வந்தது, கடைசியில் முட்டுக்காட்டுப் பாலம் வந்தது. படத்தில்தான் ஏற்றம், காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் ஷாஹுல் ஹமீது அழுத்தி மிதித்தார். நஸ்ருன்னிசா கன்னத்தை அவர் முதுகில் வைத்துக்கொண்டார்.

"எறங்கிக்கட்டுமா?"

"நீ குந்து."

மஹ்விஷ் சுவரோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பாலத்தின் நடுவில் படம் நின்றுவிட்டது. சுமைப் பிரிவுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தது என்று பாரத் விசில் ஊதினார்.

இறங்கிய பிறகு தலைவர் வந்து மெத்தையை அழுத்திப் பார்த்தார். ஒருமுறை உட்கார்ந்தும் பார்த்தார். "நல்ல வேலைப்பாடு" என்றார். பாதுகாப்புப் பரிசோதனைக்காக அது மன்றத்திலேயே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். "வர்ற ஞாயிறு கண்டிப்பா சார். அன்னிக்கு வாங்கிக்கலாம்" என்றார் பாரத்.

அந்த வெள்ளிக்கிழமை ஷாஹுல் ஹமீது ஜும்மா தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, நஸ்ருன்னிசா தலைவாரி, பவுடர் போட்டு, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு தெளிவு. மூச்சு சீராக இருந்தது.

"இன்னிக்கு நல்லா கீறேங்க. போலாமா?"

"எங்க?"

"கோவளம்தான். மோடம் போட்டுக்கினு கீதே, வெயிலே இல்ல."

ஷாஹுல் ஹமீதுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சைக்கிள் எதிரிலேயே நின்றது. "ஞாயித்துக்கிழம கண்டிப்பான்னு சொல்லிகீறாங்க. முன்னாடியே போய்ட்டா பேர எடுத்துருவாங்களாம். ஆம்புலன்ஸ் கெடைக்காது. மெத்தயும் அங்கதான் கீது" என்றார்.

"தலவாணி வச்சிக் கட்டுங்க. போதும்."

"தலவாணி வழுக்கும் நஸ்ரு. ரெண்டு நாளுதான? பெரிய மனுசங்க, சொன்னா சொன்னதுதான்."

"செரி" என்றார் நஸ்ருன்னிசா. கொஞ்ச நேரம் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை உலா ரத்தானது. தலைமை விருந்தினருக்கு அன்று வேறொரு கடை திறப்பு விழா.

அதற்கு இரண்டு நாள் கழித்து நஸ்ருன்னிசாவுக்கு மூச்சுத் திணறியது. தெருமுனையில் நின்ற ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அந்த ஆட்டோவுக்குச் சீட் தைத்தவர் ஷாஹுல் ஹமீதுதான். ஆஸ்பத்திரிக்கு முந்தைய சிக்னலில் வண்டி நின்றபோது நஸ்ருன்னிசாவின் கை அவர் சட்டையை விட்டது. எது பிடிக்கவில்லை என்று சொன்னாரோ அதிலேயே போய்ச் சேர்ந்தார். கடைசியாக ஏதோ கேட்க வாயெடுத்தார் என்று மஹ்விஷ் சொன்னாள். என்ன கேட்டிருப்பார் என்பது ஷாஹுல் ஹமீதுக்குத் தெரியும். பதில் சொல்ல முடியாமல் போய்விட்டதே என்றுதான் அவர் கபர்ஸ்தானில் மண் தள்ளும்போதும் அழுதார், அதற்குப் பிறகும் அழுதார்.

மன்றம் முறைப்படி இரங்கல் கூட்டம் நடத்தியது. தலைவர் வேதநாயகம் உருக்கமாகப் பேசினார்.

"சுமைப் பிரிவின் முதல் உறுப்பினரும் ஒரே உறுப்பினருமான அம்மையாரை இழந்து நிற்கிறோம். எடை வரம்புக்குள் வருவதற்கு அவர் எடுத்துக்கொண்ட முயற்சியை நாம் மறக்க முடியாது. நம் உலா சற்றே தாமதமானது உண்மை. ஆனால், தாமதத்தால் நம் உலாவில் இதுவரை ஒரு விபத்துகூட நடக்கவில்லை என்பதையும் இந்த நேரத்தில் நினைவுகூர்கிறேன்."

ஒரு நிமிட மௌனம் அறிவித்தார்கள். அந்த மௌனத்தின் முக்கியத்துவத்தைப் பற்றித் தலைவர் பேசியதில் நிமிடம் முடிந்துவிட்டது. ஷாஹுல் ஹமீது பாரத்திடம் போய், "சார், மெத்தய மட்டும் குட்த்துருங்க" என்று கேட்டார். "டெஸ்டிங்ல இருக்கு சார். ஃப்ளாக் ஆஃப் அன்னிக்கு வந்து வாங்கிக்கோங்க" என்றார் பாரத்.

நஸ்ருன்னிசாவுக்காக ஃபாத்திஹாவெல்லாம் ஓதி முடித்த பிறகு ஒருநாள், உலா உறுதி என்று செல்போனில் செய்தி வந்தது. இந்தத் தடவை உண்மையாகவே உறுதி. பெசன்ட் நகர் கடற்கரையில் விடிகாலையிலேயே மேடை போட்டிருந்தார்கள். ஷாஹுல் ஹமீது ராயப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து, ஓரமாக நிறுத்திவிட்டு நின்றார். மெத்தையை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்பதுதான் எண்ணம். ஆம்புலன்ஸ் ஒன்று வந்திருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து இரண்டு பேர் வாழையிலையில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் கடலுக்கு முதுகு காட்டி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை விருந்தினர் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதால், பயணத்தை முடித்தவர்களுக்கான சான்றிதழ்களைப் பயணத்துக்கு முன்பே கொடுத்துவிடலாம் என்று முடிவாகியிருந்தது. வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே கொடியசைத்ததும் சைக்கிள்கள் மேடையை ஒருமுறை சுற்றிவிட்டு டிபனுக்கு வந்தால் போதும் என்றும், கோவளம் வரையிலான பகுதி அடுத்த கட்டமாக ஆராயப்படும் என்றும் ஜாஸ்மின் அம்மையார் அறிவித்தார். எளிமையின் தரம் இதனால் உயர்ந்திருக்கிறது என்றார்.

பாரத் மைக்கில் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார்.

"சுமைப் பிரிவு. நஸ்ருன்னிசா. பெசன்ட் நகர் முதல் கோவளம் வரை வெற்றிகரமாகப் பயணத்தை நிறைவு செய்தமைக்காக!"

கைதட்டல் எழுந்தது. அச்சடித்ததை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஷாஹுல் ஹமீதுக்குக் கால் தன்னால் நடந்தது. மேடை ஏறினார். சான்றிதழை நீட்டியபடி தலைமை விருந்தினர் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தபோது, அவருக்கு அடியில் மயில்கழுத்துக் கலர் தெரிந்தது. ஓரத்தில் பைப்பிங். கை பிடித்துக்கொள்ள வைத்த வளையம் நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஷாஹுல் ஹமீது சான்றிதழை வாங்கவில்லை.

"ஐயா, கொஞ்சம் எய்ந்திரிங்க."

"என்ன?"

"அது எங்க வூட்டம்மா குந்துற எடம். கொஞ்சம் எய்ந்திரிங்க."

அவர் சொன்னது மெதுவாகத்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் தலைமை விருந்தினர் எழுந்துவிட்டார். தலைமை விருந்தினர் எழுந்ததைப் பார்த்துத் தலைவர் வேதநாயகம் பதறி எழுந்தார். தலைவர் எழுந்ததும் மேடை முழுக்க எழுந்தது. மேடை எழுந்ததும் எதிரே கூட்டமும் எழுந்தது. எதற்கென்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் யாருக்கும் தைரியமில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, சத்தமில்லாமல் நின்றார்கள். பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் இலையோடு எழுந்து நின்றார்கள். பின்னால் கடல் மட்டும் சத்தம் போட்டது. இரங்கல் கூட்டத்தில் நஸ்ருன்னிசாவுக்குக் கிடைக்காத மௌனம் அங்கே கிடைத்தது.

ஷாஹுல் ஹமீது மெத்தையை எடுத்து, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். கீழே இறங்கிப் போய்க் கேரியரில் வைத்து வாரை இறுக்கிக் கட்டினார். அவர் போன பிறகும் கூட்டம் நின்றுகொண்டுதான் இருந்தது. உட்காரலாம் என்று சொல்வது யாருடைய பொறுப்பு என்பது முடிவாகவில்லை.

அவர் ராயப்பேட்டைப் பக்கம் திரும்பவில்லை. திருவான்மியூர் வந்து தெற்கே திரும்பினார். நீலாங்கரையில் ஒரு டீ குடித்தார். வெயில் ஏறியிருந்தது. வயதும் ஏறியிருந்தது. முட்டுக்காட்டுப் பாலத்தின் ஏற்றம் தொடங்கியதும் மூச்சு இரைத்தது. பின்னால் பாரமே இல்லை. ஆனாலும் சைக்கிள் நகர மறுத்தது. பின்னாலிருந்து வழக்கமாக ஒரு குரல் கேட்கும். ஷாஹுல் ஹமீது அந்தக் குரலுக்காகக் கொஞ்ச தூரம் காத்திருந்தார். லாரிகள்தான் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின.

"நீ குந்து" என்றார், கேட்கட்டும் என்று உரக்க.

பாலம் முடிகிற வரைக்கும் அவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.